மேசைக் கணினியின் வடிவமைப்பு: தோற்றப்பொலிவும் பயன்பாட்டுத்தன்மையும்

"மேசைக் கணினி ஒன்றை வடிவமைக்கும்போது தோற்றப்பொலிவும் பயன்பாட்டுத்தன்மையும் எவ்வாறு சமநிலைப்படுத்தப்படுகின்றன என்பதை உதாரணங்களுடன் விளக்குக."

இவ்வகை வினாவுக்கு மாணவர் பலர் எழுதும் விடை இரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றது. "கணினி அழகாக இருத்தல் வேண்டும். அத்துடன் பயனுள்ளதாகவும் இருத்தல் வேண்டும்." இவ்விடையிற் பிழை எதுவும் இல்லை, புள்ளி வழங்கத்தக்க விடயமும் இல்லை. வேறு சிலர் "கணினிக்கு அழகு தேவையற்றது, வேகமே முக்கியம்" என ஒரே அடியாக முடித்துவிடுவர். இது முன்னையதிலும் பலவீனமானது. ஏனெனில் தோற்றத்தினாலேயே வெற்றி பெற்ற கணினியும் உண்டு, தோற்றத்தினாலேயே தோல்வியடைந்த கணினியும் உண்டு. இரண்டையும் வடிவமைத்தது ஒரே குழு. இடைவெளி இரண்டே ஆண்டுகள். அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டதாகவே கொள்ளலாம்.

பதங்களின் பொருள்

தோற்றப்பொலிவு எனும்போது வடிவம், நிறம், பருமன், மேற்பரப்பின் தன்மை ஆகியன மனத்திற்கு வரும். இவற்றுடன் மேசையில் அப்பொருள் எவ்வாறு "அமர்ந்திருக்கின்றது" என்பதும், பின்புறத்தில் எத்தனை வடங்கள் தொங்குகின்றன என்பதும் தோற்றத்தைச் சேர்ந்தவையே.

பயன்பாட்டுத்தன்மை என்பது இதைவிட விரிந்தது. கணினி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். துறைகள் கைக்கு எட்ட வேண்டும். பழுதடைந்தால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நினைவகத்தை அதிகரிக்கவோ வன்தட்டை மாற்றவோ இடமிருக்க வேண்டும். அதிக இரைச்சல் எழுப்பக்கூடாது. வாங்குபவரின் பணத்திற்கு ஏற்ற விலையில் இருக்க வேண்டும். விலை பயன்பாட்டுத்தன்மையின் ஒரு பகுதி என்பதை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். இதனைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் உதாரணத்தில் இதுவே தீர்மானிக்கும் காரணியாகின்றது.

வெப்பம் எங்கே போகின்றது?

விஞ்ஞான பாடத்திற் படித்ததை இங்கு நினைவுபடுத்துக. கணினி நுகரும் மின்சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிவருகின்றது. கணினி பாரத்தைத் தூக்குவதில்லை, நீரை இறைப்பதில்லை, கணிக்கின்றது, சூடாகின்றது. 2022 இல் வெளிவந்த என்விடியா ஆர்.ரி.எக்ஸ். 4090 வரைவியல் அட்டை ஒன்று மட்டுமே உச்ச வேலையின்போது 450 வாற்று வரை நுகரக்கூடியது. வீட்டில் துணி அழுத்தும் மின்னழுத்தி ஏறத்தாழ 1000 வாற்று எனக் கொண்டால், அதன் பாதிக்குச் சற்றுக் குறைவான வெப்பம் ஒரு மூடிய பெட்டியினுள் தொடர்ச்சியாகப் பிறக்கின்றது.

அவ்வெப்பம் வெளியேறும் பாதை இரண்டு படிகளைக் கொண்டது. முதலில் முறைவழியாக்கியிலிருந்து அதன்மேல் பொருத்தப்பட்ட அலுமினிய அல்லது செப்புத் தகடுகளுக்குக் கடத்தல் மூலம் செல்கின்றது. பின்னர் தகடுகளிலிருந்து வளிக்கு மேற்காவுகை மூலம் செல்கின்றது. இரண்டாவது படியை விசிறி விரைவுபடுத்துகின்றது. விசிறி இல்லாவிடின் சூடான வளி தானாக மேலெழுவதை நம்பியிருக்க வேண்டும். அதற்குக் கீழே வளி நுழையும் வாயிலும் மேலே வெளியேறும் வாயிலும் தடையின்றி இருத்தல் அவசியம்.

இங்கு ஒரு சிறு கணிப்பு. குறித்த வேலையொன்றைச் செய்யும்போது முறைவழியாக்கியின் வெப்பநிலை அறை வெப்பநிலையிலும் 45 பாகை செல்சியசு உயர்கின்றது எனக் கொள்வோம். அறை 20 பாகையாக இருப்பின் முறைவழியாக்கி 65 பாகையில் நிற்கும். அறை 32 பாகையாக இருப்பின் 77 பாகையில் நிற்கும். கணினியில் எந்த மாற்றமும் இல்லை. அறை மட்டுமே மாறியுள்ளது. குளிரூட்டப்பட்ட அறையில் வைத்துப் பார்த்து வியந்த மெல்லிய, வாயில்கள் குறைந்த கணினியொன்று நமது பங்குனி, சித்திரை மாதத்து மதிய வேளையில் ஏன் திணறுகின்றது என்பதற்கு இக்கணிப்பே விடை. பெட்டியின் வெளித்தோற்றத்தை வரைபவர் ஒவ்வொரு துளையை நீக்கும்போதும் இந்த வளியின் பாதையிலேயே கைவைக்கின்றார்.

அழகற்ற பெட்டி ஏன் நீடித்தது?

1981 ஆகஸ்ட் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அது ஓர் உலோகப் பெட்டி. மூடியைக் கழற்றினால் உள்ளே ஐந்து விரிவாக்கச் செருகுவாய்கள் இருந்தன. புதிய அட்டையொன்றைச் செருகினால் கணினி புதிய வேலையொன்றைக் கற்றுக்கொள்ளும். அழகுப் போட்டிக்கு அதனை எவரும் அனுப்பியிருக்கமாட்டார்கள். ஆயினும் பிற நிறுவனங்கள் அதனைப் பின்பற்றியே தமது கணினிகளை ஆக்கின.

1995 இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். எனும் நியமத்தை வெளியிட்டது. இதன்படி முழு அளவுத் தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. திருகாணித் துளைகள் எங்கே அமைய வேண்டும், துறைகள் பெட்டியின் எப்பக்கத்தில் வெளியே தெரிய வேண்டும் என்பனவும் வரையறுக்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகையை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியினுள் பொருத்த முடிவது இதனாலேயே. நமது ஊர்க் கணினிக் கடைகளில் "கேசிங்" எனத் தனியாகக் கேட்டு வாங்க முடிவதும் இதனாலேயே. வெண்பழுப்பு நிறப் பெட்டியைப் பார்த்து முகஞ்சுளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் அழகின்மைக்கும் அதன் மலிவுக்கும் காரணம் ஒன்றே. எவருடைய பாகத்தையும் ஏற்றுக்கொள்ளும் பெட்டி, எந்தவொரு பாகத்திற்கும் அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருக்க முடியாது.

"விசிறி வேண்டாம்"

அப்பிள் நிறுவனத்தின் இணை நிறுவுநர் ஸ்ரீவ் ஜொப்ஸ் விசிறியின் இரைச்சலை வெறுத்தவர். 1980 இல் வெளியான அப்பிள் III கணினியில் விசிறி இருக்கவில்லை. கனமான அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் உள்ளே சில்லுகள் அவற்றின் பொருத்திகளிலிருந்து தளர்ந்து கழன்றன. கணினியைச் சில அங்குலம் உயர்த்தி மேசையில் போட்டால் சில்லுகள் மீண்டும் பொருந்தும் என்று நிறுவனமே ஆலோசனை கூறியதாகப் பரவலாகக் கூறப்படுகின்றது. (பரீட்சையில் இதனை எழுத வேண்டாம், ஞாபகத்தில் வைத்திருக்க மட்டும்.) விசிறியின்மை மட்டுமே இத்தோல்விக்குக் காரணமன்று. சுற்றுப்பலகை மிக நெருக்கமாக அமைக்கப்பட்டிருந்தமையும் சேர்ந்தே சிக்கலை உண்டாக்கியது. ஆனால் பெட்டியின் வடிவம் முதலில் முடிவாகி, பாகங்கள் அதற்குள் அடங்க நேர்ந்தால் நெருக்கமும் வெப்பமும் சேர்ந்தே வரும்.

1984 சனவரியில் வந்த மக்கின்ரொஷ் கணினியிலும் விசிறி இல்லை. அது திரையகமும் கணினியும் ஒன்றான, மேலே கைபிடிப் பள்ளம் கொண்ட, சிறிய மேசையிலும் அடங்கும் அழகிய பொருள். வடிவமைப்புக் குழுவினரின் கையொப்பங்கள் பெட்டியின் உட்புறத்தில் வார்க்கப்பட்டிருந்தன. பயனர் அவற்றைப் பார்ப்பது அரிது. ஏனெனில் பெட்டியைத் திறக்க நீண்ட, விசேட திருகாணிமுடுக்கி தேவைப்பட்டது. நினைவகம் 128 கிலோபைற்று மாத்திரமே. அது பலகையிற் பற்றாசு வைக்கப்பட்டிருந்ததால் பயனரால் அதிகரிக்க இயலவில்லை. ஜொப்ஸ் 1985 இல் நிறுவனத்தை விட்டு விலகினார். 1987 இல் வெளியான மக்கின்ரொஷ் எஸ்.ஈ. இல் விசிறி இடம்பெற்றது.

ஐமக், 1998

ஜொப்ஸ் 1997 இல் அப்பிளுக்குத் திரும்பியபோது நிறுவனம் பெரும் நட்டத்தில் இருந்தது. ஜோனதன் ஐவ் தலைமையிலான வடிவமைப்புக் குழு உருவாக்கிய ஐமக் 1998 ஆகஸ்ட் 15 இல் 1,299 அமெரிக்க டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 15 அங்குலத் திரையகம், 233 மெகாஹேர்ட்ஸ் முறைவழியாக்கி, நீலப்பச்சை நிறத்தில் ஒளி ஊடுகசியும் பிளாஸ்ரிக் உடல். உள்ளிருக்கும் பாகங்கள் மங்கலாகத் தெரிந்தன. அக்காலத்தில் அலுவலகமெங்கும் வெண்பழுப்புப் பெட்டிகள் நிறைந்திருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் மக்கள் ஏன் திரும்பிப் பார்த்தார்கள் என்பது விளங்கும். அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 800,000 ஐமக்குகள் விற்பனையாகின.

இதனை "நிறத்தினால் வென்ற கணினி" என்று எழுதுவது அரைகுறை விடை. அதன் தோற்றத்தின் ஒவ்வொரு கூறும் ஒரு வேலையைச் செய்தது என்பதை எழுதுங்கள். திரையகமும் கணினியும் ஒன்றாக இருந்ததால் இணைக்கவேண்டிய வடங்கள் குறைந்தன. மின்வடத்தையும் தொலைபேசி வடத்தையும் செருகினால் இணையத்தில் நுழையலாம். மேலே இருந்த கைபிடி ஒரு சுவாரசியமான விடயம். ஐமக்கின் எடை ஏறக்குறைய 17 கிலோகிராம்; அதனைத் தினமும் தூக்கிச் செல்பவர் எவரும் இல்லை. ஆனால் கைபிடி உள்ள பொருளைத் தொடலாம் என்று கை தானாக அறியும். கணினியைக் கண்டு அஞ்சிய முதற்பயனரின் தயக்கத்தை நீக்குவதே கைபிடியின் உண்மையான பயன். அச்சத்தை நீக்குவதும் பயன்பாடே. தோற்றமும் பயன்பாடும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும் என்றே எப்போதும் எண்ணுவோருக்கு இக்கைபிடி நல்ல மறுமொழி.

1999 ஒக்ரோபரில் வந்த திருத்திய ஐமக்கில் விசிறி நீக்கப்பட்டது. இம்முறை வளி கீழிருந்து மேலாகச் செல்வதற்கான இடம் பெட்டியினுள் இருந்தது. நினைவகத்தை அதிகரிப்பதற்குப் பின்புறத்தில் ஒரு சிறு கதவு; ஒரு நாணயத்தால் திருகி அதைத் திறக்கலாம். அழகு குறையவில்லை, திறப்பதும் இலகுவாயிற்று.

ஐமக்கில் குறை இல்லாமல் இல்லை. அதனுடன் வழங்கப்பட்ட வட்டவடிவச் சுட்டி பார்ப்பதற்கு இனிப்புப் பண்டம் போலிருந்தது. ஆனால் வட்டத்திற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. திரையைப் பார்த்தவாறே கையால் தடவும் பயனருக்குச் சுட்டி எத்திசையை நோக்கியிருக்கின்றது என்பது தெரியாது. 2000 இல் அதற்குப் பதிலாக நீள்வட்ட வடிவச் சுட்டி வந்தது. நெகிழ்வட்டு இயக்கி இல்லாததும் அன்று பெரிய குறையாகக் கூறப்பட்டது. பலர் வெளியே யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் இயக்கியை வாங்கிக்கொண்டனர். பின்னர் நெகிழ்வட்டே வழக்கொழிந்தது. ஆகவே இவ்விரு குறைகளையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஒன்று காலத்தால் தீர்ந்தது, மற்றையது கையின் இயல்புக்கே மாறானது.

கியூப், 2000

அப்பிள் 2000 யூலை 19 இல் பவர் மக் ஜி4 கியூப்பை அறிமுகம் செய்தது. ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் பக்கமுடைய கனவுரு ஒன்று தெளிந்த அக்கிரிலிக் உறையினுள் மிதப்பதுபோல் நின்றது. இறுவட்டு மேற்பக்கப் பிளவினூடாக உள்ளே சென்று வந்தது. ஆளியை அழுத்த வேண்டியதில்லை, தொட்டாலே போதும். விசிறி இல்லை. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இக்கணினி இடம்பெற்றுள்ளது.

2001 யூலை 3 இல், ஓர் ஆண்டு நிறைவதற்குள், அதன் உற்பத்தி இடைநிறுத்தப்பட்டது. விற்பனையானது ஏறத்தாழ 150,000 மாத்திரமே.

ஏன்? விலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். 450 மெகாஹேர்ட்ஸ் கியூப்பின் ஆரம்ப விலை 1,799 டொலர். இதில் திரையகம் அடங்கவில்லை. அதே காலத்தில் அதே நிறுவனத்தின் நெடும்பெட்டிக் கணினியான பவர் மக் ஜி4 1,599 டொலரிலிருந்து கிடைத்தது. அதில் 400 மெகாஹேர்ட்ஸ் முறைவழியாக்கியும், கியூப்பில் இல்லாத மூன்று விரிவாக்கச் செருகுவாய்களும் இருந்தன. ஒலிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற தொழில்களைச் செய்வோர் தமது அட்டைகளைச் செருக வேண்டியவர்கள். அவர்கள் நெடும்பெட்டியை வாங்கினர். வீட்டுப் பாவனையாளருக்கு 1,799 டொலர் அதிகம். அவர்கள் ஐமக்கை வாங்கினர். இடையில் நின்ற கியூப்பை வாங்குவதற்கு அதன் அழகை மட்டுமே விரும்பிய, பணவசதி படைத்த சிலரே எஞ்சினர்.

இன்னும் இரண்டு விடயங்கள். கியூப் சூடான வளியை மேற்பக்கத் துவாரங்களினூடாக வெளியேற்றியது. மேசையில் மட்டமான மேற்பரப்புக் கிடைத்தால் அதன்மேல் கொப்பியோ கடதாசியோ வைப்பது மனித வழக்கம். வைத்தால் வளியின் பாதை அடைபட்டுவிடும். அத்துடன் அக்கிரிலிக் உறையில் வார்ப்பின்போது உண்டான கோடுகள் வெடிப்புகள் போலத் தோன்றியதாக வாங்கியோர் முறையிட்டனர். சாதாரண உலோகப் பெட்டியில் இத்தகைய கோட்டை எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். அழகுக்காகவே அதிக விலை கொடுத்தவர் அழகிலுள்ள சிறு குறையையும் மன்னிப்பதில்லை.

ஆயினும் கியூப்பைப் "பயனற்றது" என்று எழுதுவது நியாயமன்று. அதனைத் தலைகீழாக வைத்துக் கைபிடியை வெளியே இழுத்தால் உள்ளுடல் முழுவதும் ஒரே அசைவில் வெளியே வரும். அன்றைய நெடும்பெட்டிகள் பலவற்றில் இவ்வளவு நேர்த்தியான வசதி இல்லை. அதன் அடிப்படை எண்ணமான சிறிய, திரையகமற்ற கணினி என்பதும் பிழையானதல்ல. 2005 சனவரியில் அதே எண்ணம் மக் மினி என்ற பெயரில் 499 டொலருக்கு வந்தது. 16.5 சென்ரிமீற்றர் சதுரம், 5 சென்ரிமீற்றர் உயரம், உள்ளே ஒரு சிறு விசிறி. அந்த வரிசை பல தலைமுறைகளாகத் தொடர்ந்தது. எண்ணம் ஒன்றே, விலையும் வாங்குபவரும் மாறினர்.

உருளையும் சட்டகமும்

தொழில்முறைப் பாவனையாளருக்கென 2013 டிசெம்பரில் வந்த மக் புரோ, 25 சென்ரிமீற்றர் உயரமும் 17 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டமும் கொண்ட கரிய, மினுங்கும் உருளை. இதன் உள்ளமைப்பு உண்மையில் புத்திக்கூர்மையானது. நடுவில் முக்கோண வடிவ உலோக வெப்பத்தூண். அதன் ஒரு பக்கத்தில் முறைவழியாக்கி, மற்றைய இரண்டில் வரைவியல் அட்டைகள். மேலே ஒரேயொரு பெரிய விசிறி. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய வளியை அசைக்கும் என்பதால் இரைச்சல் குறைவு. 1980 இல் விசிறியை நீக்கித் தேடிய அமைதியை இங்கு விசிறியைப் பெரிதாக்கிப் பெற்றனர். இது பாராட்டத்தக்கது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் ஏறத்தாழச் சமமான வெப்பத்தைப் பெறும் என்ற எடுகோளின்மேல் அந்த உருளை எழுந்தது. ஆனால் கணினித்துறை இரண்டு நடுத்தர வரைவியல் அட்டைகளை நோக்கிச் செல்லாமல், பெரும் வெப்பத்தை வெளியிடும் ஒரே பெரிய அட்டையை நோக்கிச் சென்றது. அத்தகைய அட்டைக்கு அவ்வுருளையில் இடமில்லை. ஆண்டுகள் சென்றும் அக்கணினி குறிப்பிடத்தக்கவாறு தரமுயர்த்தப்படவில்லை. 2017 ஏப்ரலில் நிறுவன உயரதிகாரிகளே, வெப்பம் தொடர்பில் தமது வடிவமைப்பு தம்மை ஒரு மூலைக்குள் முடக்கிவிட்டது என்ற பொருள்படப் பத்திரிகையாளரிடம் ஏற்றுக்கொண்டனர்.

2019 டிசெம்பரில் வந்த அடுத்த மக் புரோ மீண்டும் நெடும்பெட்டியானது. எட்டு விரிவாக்கச் செருகுவாய்கள், 1,400 வாற்று வலு வழங்கி. மேலே உள்ள பிடியைத் திருப்பினால் வெளியுறை முழுவதும் மேலெழும்பிக் கழன்று, எல்லாப் பக்கமும் திறந்துகொள்ளும். முன்பக்கம் முழுவதும் அரையுருண்டைக் குழிகள் பின்னிய வலை. தேங்காய்த்துருவி, பாற்கட்டித்துருவி என்று கேலி செய்யப்பட்ட அவ்வலையே வளி நுழையும் வாயிலும், கணினியின் அடையாளமும் ஆயிற்று. துளையை மறைத்து அழகு தேடாமல் துளையையே அழகாக்கினர். விலைதான் 5,999 டொலரில் ஆரம்பித்தது. சில்லுகள் பூட்டுவதற்குக் கூட 400 டொலர் மேலதிகமாகக் கேட்டனர்! (இங்கு சில்லு என்பது உருளும் சில்லு.)

நாளாந்தம் கைபடும் இடங்கள்

பெரிய உதாரணங்களைப் போலவே சிறியனவும் புள்ளி தரும். 2021 இல் வந்த 24 அங்குல ஐமக்கின் உடல் 11.5 மில்லிமீற்றர் தடிப்பு மட்டுமே. காதணி செருகும் துறைக்கு 14 மில்லிமீற்றர் ஆழம் தேவை. எனவே அதனைப் பின்பக்கத்தில் வைக்க இயலாமல் இடது ஓரத்தில் வைத்தனர். பயனருக்கு அது முன்னையதிலும் வசதியாகவே அமைந்தது. வலு வழங்கியோ உடலினுள் அடங்காமல் வெளியே நிலத்திற்குச் சென்றது. மெலிவு ஒரு பக்கத்தில் வசதியையும் மறுபக்கத்தில் ஒரு மேலதிக பெட்டியையும் கொண்டுவந்தது. 2024 இல் வந்த மக் மினியின் ஆளி அடிப்பக்க மூலையில் இருந்தது. கணினியைச் சற்று உயர்த்தியே அழுத்த வேண்டும். நாளொன்றுக்கு ஒருமுறை அழுத்துபவருக்கு இது சிறு விடயம். மின் அடிக்கடி துண்டிக்கப்படும் இடத்தில் கணினியை மீண்டும் மீண்டும் இயக்குபவருக்கு எப்படியிருக்கும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

கடைகளிற் காணப்படும் கண்ணாடிப் பெட்டிகளும் இப்பாடத்தைச் சேர்ந்தவையே. பக்கச்சுவர் வன்மைப்படுத்திய கண்ணாடியாக இருப்பதால் பெரிய தீங்கில்லை. வளி அவ்வழியே நுழைவது குறைவு. முன்பக்கமும் முழுக் கண்ணாடியாயின் முன்விசிறிகள் ஓர இடுக்கினூடாகவே வளியை இழுக்க வேண்டும். அப்போது விசிறிகள் வேகமாகச் சுழலும், இரைச்சல் கூடும். வர்ண ஒளிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் முன்பக்கத்தில் வலை உண்டா, கழற்றிக் கழுவக்கூடிய தூசுவடி உண்டா என்று பார்ப்பது நல்லது. தூசு படிந்த வெப்பத்தகடு கம்பளி போர்த்தியவர் போன்றது.

விடை எழுதும்போது

ஒரு கணினியைப் பற்றி எழுதும்போது அதன் வடிவம் எதனைக் கொடுத்தது, எதனைப் பறித்தது என்ற இரண்டையும் எழுதுங்கள். பறித்தது யாருக்குத் தேவையானது என்பதையும் சேர்த்தால் விடை முழுமை பெறும். விரிவாக்கச் செருகுவாய் இல்லாமை ஐமக்கை வாங்கிய வீட்டாருக்கு இழப்பன்று, கியூப்பை வாங்க நினைத்த தொழில்முறையாளருக்கு இழப்பு. ஆண்டையும் விலையையும் தவறின்றி எழுதுக. நினைவில் இல்லாவிடின் விட்டுவிடுக; பிழையான எண் நல்ல விளக்கத்தையும் கெடுத்துவிடும்.

மாதிரி வினா: பவர் மக் ஜி4 கியூப் சந்தையில் தோல்வியடைந்தமைக்கான காரணங்களை விளக்குக.

மாதிரி விடை: 2000 இல் வெளியான கியூப் தோற்றப்பொலிவில் சிறந்து விளங்கியது. விசிறியின்றி அமைதியாக இயங்கியதுடன் மேசையிற் சிறிதளவு இடத்தையே பிடித்தது. எனினும் திரையகமின்றி 1,799 டொலராக இருந்த அதன் விலை, விரிவாக்கச் செருகுவாய்கள் கொண்ட அதே நிறுவனத்தின் நெடும்பெட்டிக் கணினியின் ஆரம்ப விலையிலும் 200 டொலர் அதிகம். இதனால் தரமுயர்த்தல் தேவைப்பட்டோர் நெடும்பெட்டியையும், குறைந்த விலையை நாடியோர் ஐமக்கையும் தெரிவுசெய்தனர். மேற்பக்கத் துவாரங்கள் அடைபடக்கூடியனவாக இருந்தமையும் உறையில் கோடுகள் தென்பட்டமையும் மேலதிக குறைகளாகும். வடிவமைப்பின் சிறப்பு, அதற்கான விலையைக் கொடுக்கக்கூடிய பயனர் தொகுதியொன்றுடன் பொருந்தாமையே பிரதான காரணமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஏ.ரி.எக்ஸ். நியமம் கணினிப் பெட்டியின் தோற்றத்தையும் விலையையும் எவ்வாறு பாதித்தது?

2. 1980 இன் அப்பிள் III, 2013 இன் மக் புரோ ஆகிய இரண்டும் இரைச்சலைக் குறைக்கக் கையாண்ட வழிகளை ஒப்பிடுக. வெப்ப இடமாற்ற முறைகளைக் குறிப்பிடுதல் வேண்டும்.

3. ஐமக்கின் கைபிடி, அதன் வட்டவடிவச் சுட்டி ஆகிய இரண்டில் எது சிறந்த வடிவமைப்பு? உமது தெரிவை நியாயப்படுத்துக.

4. உமது பாடசாலைக்கு இருபது மேசைக் கணினிகள் வாங்கப்படவுள்ளன. அறையில் குளிரூட்டி இல்லை. பழுதுபார்ப்பவர் மாதம் ஒருமுறையே வருவார். திரையகத்துடன் ஒன்றிணைந்த மெல்லிய கணினிகளா, தனிப்பெட்டி கொண்ட கணினிகளா வாங்கப்பட வேண்டும்? மெல்லிய கணினிக்குச் சார்பான ஒரு காரணத்தையேனும் உமது விடையிற் சேர்த்து எழுதுக.